டயட்டும் டிகாஷனும்

டயட் என்று தீர்மானித்ததும் முதல் அடி விழுவது காபி, டீ தலையில்தான். சோறு குறைகிறதோ இல்லையோ, "நாளையிலிருந்து எனக்குக் காபி கிடையாது" என்று வீட்டில் அறிவிப்பு வந்துவிடும். மறுநாள் மதியம் வரை சமாளித்துவிடலாம். சாயங்காலம் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். அதற்கடுத்த நாள் கொட்டாவி நிற்காது, யார் பேசினாலும் எரிச்சல் வரும். "டயட்டெல்லாம் நம் உடம்புக்கு ஒத்துவராது" என்று முடிவுகட்டி, மூன்றாம் நாள் காபியோடு பூரிக்கும் சேர்த்துத் திரும்பிவிடுகிறவர்கள் உண்டு.

ஒத்துவராமல் போனது டயட் இல்லை. தினமும் உள்ளே போய்க்கொண்டிருந்த காஃபின் திடீரென்று நின்றதால் வந்த தலைவலி அது. கடைசி டம்ளர் இறங்கிய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் காஃபின், அதாவது ஸ்ட்ராங்கான காபி ஒரே ஒரு டம்ளர் குடிப்பவருக்கும் இது வரலாம். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் நமக்கு அசதி. காஃபின் அந்த நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடுவதால் அசதி தெரிவதில்லை. தினமும் இதுவே நடந்தால் மூளை கூடுதலாகச் சில நாற்காலிகளைப் போட்டுக்கொள்கிறது. காபி நின்ற அன்று அத்தனையும் காலி. அடினோசின் ஏகபோகமாக உட்கார்ந்துகொள்ள, தூக்கமும் தலைவலியும் சேர்ந்து வருகின்றன.

ஆகவே டயட் தொடங்கும் அன்றே காபியை நிறுத்துவது, இரண்டு சண்டையை ஒரே நாளில் இழுத்துவிட்டுக்கொள்கிற வேலை. நிறுத்த வேண்டிய அவசியமும் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது. டயட்டில் இருக்கும்போது காபி குடிக்கலாம், டீ குடிக்கலாம். காஃபின் உடம்பில் சதை போடாது. பாலும் சர்க்கரையும் சேராத ஒரு கப் காபியில் 5 கலோரி தேறினால் அதிகம். கணக்குப் பார்க்க வேண்டியது டம்ளரில் அதோடு சேர்ந்து வருகிற மற்றவற்றை. காஃபினைப் பற்றி யோசிக்க வேண்டியது எப்போது குடிக்கிறோம், சாப்பாட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் குடிக்கிறோம் என்பதை வைத்துத்தான்.

டம்ளருக்குள் என்ன இருக்கிறது?

நம் வீட்டுக் காபியைப் பிரித்துப் பார்ப்போம். 150 மில்லி பிடிக்கிற டம்ளர். அதில் டிகாஷன் 50 மில்லி, பால் 100 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். கள்ளிச்சொட்டாக இருக்க வேண்டும் என்கிற வீடுகளில் பால் இதைவிடக் கூடும்.

ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம். 100 மில்லிக்குச் சுமார் 75 கலோரி. ஆரஞ்சுப் பாக்கெட் என்றால் கொழுப்பு 6 சதவீதம், கலோரி 90-ஐ ஒட்டி வரும். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம்தான், 60 கலோரிக்குள் அடங்கிவிடும். சர்க்கரை ஒரு டீஸ்பூன், தலைதட்டி அளந்தால் 5 கிராம், 20 கலோரி. ஆனால் நம் சமையலறையில் யாரும் தலைதட்டுவதில்லை. டப்பாவில் கிடக்கிற ஸ்பூனால் கோபுரமாக அள்ளினால் அது ஏழெட்டு கிராமைத் தொடும். நம்பிக்கை வராவிட்டால் ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

பச்சைப் பாக்கெட் பால், தலைதட்டிய இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு டம்ளர் காபி 115 கலோரி. ஓர் இட்லி 50, 60 கலோரி என்பதால், டம்ளருக்கு இரண்டு இட்லி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் பெயரைச் சொல்லி இன்னொன்று. நான்குக்கு 460 கலோரி. 1,500 கலோரி டயட்டில் இருப்பவருக்கு இது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிட்டு, "ஒன்றுமே சாப்பிடுவதில்லை, எடை மட்டும் இறங்கமாட்டேன் என்கிறது" என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களின் கலோரி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வயிறும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மென்று தின்னும் உணவு அடக்குகிற அளவுக்குக் குடிக்கிற கலோரி பசியை அடக்காது.

எதைக் குறைப்பது? என் யோசனை, முதலில் சர்க்கரை, பிறகு எண்ணிக்கை, பால் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாலை விட்டுவிட்டு, கசப்பைத் தாங்க முடியாமல் கறுப்புக் காபியில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்கிறார்கள். பாலில் 100 மில்லிக்கு மூன்று கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, கால்சியம் இருக்கிறது. முட்டையோ மீனோ சாப்பிடாத வீட்டில், உணவைக் குறைத்திருக்கும் நேரத்தில், அந்தப் புரதத்தை இழப்பது லாபமில்லை. சர்க்கரையில் கலோரியைத் தவிர வேறெதுவும் கிடையாது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். 1,500 கலோரியில் 5 சதவீதம் என்றால் 19 கிராம் சர்க்கரை, நான்கு ஸ்பூன்கூட முழுதாக வராது. இரண்டு டம்ளர் காபியில் அது தீர்ந்துவிடும்.

நாக்கு கேட்காதே என்றால், ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பழகியபின் கல்யாண வீட்டில் கொடுக்கிற காபி பாயசமாகத் தெரியும்.

கருப்பட்டிக் காபி, நாட்டுச்சர்க்கரைக் காபி, தேன் கலந்த டீ என்று இப்போது நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பலகை தொங்குகிறது. ருசிக்குக் குடிக்கலாம், அதில் தப்பில்லை. இளைப்பதற்காகக் குடிப்பதாக இருந்தால் அர்த்தமில்லை. கருப்பட்டியும் வெல்லமும் எடைக்கு எடை சர்க்கரையை ஒட்டிய கலோரிதான் தருகின்றன. இனிப்பு சற்று மட்டு என்பதால் கை கூடவே அள்ளும். அதில் இருக்கிற இரும்பும் தாதுக்களும் ஒரு ஸ்பூன் அளவில் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் கலோரியில்லா இனிப்பு மாத்திரைகள் உடனடிக் கணக்கில் லாபம். ஆனால் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. நீண்ட காலத்தில் எடை குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை என்பது அதற்குக் காரணம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காபி கொழுப்பைக் கரைக்குமா?

இது அரைகுறை உண்மை. அரைகுறை உண்மைகளை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

காஃபின் உள்ளே போனால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எரிபொருளைச் செலவழிக்கிறது என்பது நிஜம். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில் 100 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி மூன்று, நான்கு சதவீதம் கூடியது. பகல் முழுக்க இரண்டு மணிக்கொருதரம் கொடுத்தபோது ஒல்லியானவர்கள் நாளொன்றுக்கு 150 கலோரி கூடுதலாகச் செலவழித்தார்கள். ஏற்கெனவே பருமனாக இருந்து இளைத்தவர்களுக்கு அது 79 கலோரிதான். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது. அந்த 79 கலோரிக்காக ஒருவர் 600 மில்லிகிராம் காஃபின் உட்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் காஃபினை நம் வீட்டுப் பால் காபியாகக் குடித்தால் ஆறு டம்ளர் வேண்டும், உள்ளே போகிற கலோரி 690. வரவு செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பசியை அடக்கும் என்பதும் அப்படித்தான். சிலருக்கு ஒரு மணி நேரம் பசி தெரியாது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. காபி குடித்ததும் எடை அரைக் கிலோ குறைந்துவிட்டதாக மிஷின் காட்டினால், கழிப்பறைக்குப் போய் வந்ததன் பலன் அது, கொழுப்பு கரைந்ததல்ல. காபி பெருங்குடலைத் தூண்டும். காலைக்கடனுக்கு அதையே நம்பியிருப்பவர்கள், டயட்டைக் காரணம் காட்டிக் காபியை நிறுத்தி, சாப்பாட்டையும் குறைத்தால் மலச்சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் காலைக் காபியை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

கிரீன் டீயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், அவ்வளவு நம்பிக்கை அதன்மேல். சாதாரணத் தேயிலையும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலை. பறித்தபின் பதப்படுத்துகிற முறைதான் வேறு. இதிலும் காஃபின் உண்டு. கிரீன் டீ தயாரிப்புகளால் எடை குறைகிறதா என்று நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பு, 2012-இல் சொன்ன முடிவு இது: குறைகிற எடை மிகச் சொற்பம், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. கிரீன் டீ குடித்து இளைத்தேன் என்பவர் பொய் சொல்லவில்லை. பால், சர்க்கரை போட்ட மூன்று டீயை விட்டுவிட்டு அதைக் குடித்திருப்பார். இளைக்க வைத்தது விட்டுவிட்ட சர்க்கரை. கறுப்புத் தேநீர் குடித்திருந்தாலும், வெந்நீர் குடித்திருந்தாலும் இளைத்திருப்பார்.

கோப்பையில் குடிக்கும்வரை கிரீன் டீ தீங்கில்லாதது. அதன் சாரத்தை மாத்திரையாக்கி விற்பதில்தான் ஆபத்து. அந்தச் சாரத்தில் உள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருளை நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்துக்கொண்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ஜிம்மில் 'ஃபேட் பர்னர்' என்று டப்பாவில் விற்கிற பொடிகளில் பலவற்றுக்கு முதுகெலும்பு காஃபின்தான். சுத்தமான காஃபின் பொடி ஒரு டீஸ்பூன் என்பது ஏறத்தாழ 28 கப் காபிக்குச் சமம் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். அளவு தப்பினால் உயிருக்கே உலை.

பட்டர் காபி, நெய்க் காபி விஷயமும் இதோடு முடித்துவிடலாம். பேலியோ, கீட்டோ உணவுமுறைகளில் மாவுச்சத்தைப் பெருமளவு வெட்டிவிட்டு, அந்த வேளை உணவுக்குப் பதிலாகவே இதைக் குடிக்கச் சொல்கிறார்கள். அதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, நெய்க் காபியும் குடித்துவிட்டு அரை மணியில் பொங்கலுக்கும் உட்காருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு மேஜைக்கரண்டி நெய் 120 கலோரி. அது கரைக்கிற பொருளல்ல, சேருகிற பொருள்.

தூக்கம்

டயட்டையும் காஃபினையும் உண்மையில் இணைக்கிற கண்ணி இதுதான். ஏனோ இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. சிறிய ஆய்வு, பத்தே பேர்தான். ஆனால் நன்றாகத் திட்டமிட்டது. எடை கூடியிருந்த நடுவயதுக்காரர்களை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, அளந்து குறைத்த உணவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம்தான். சாப்பாட்டில் மாற்றமில்லை. இரண்டு தடவையும் எடை ஏறத்தாழ ஒரே அளவு, மூன்று கிலோ குறைந்தது. மிஷினில் ஏறி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே நடந்ததோ வேறு. நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி எடை தசையிலிருந்து போயிருந்தது. தூக்கம் கெட்ட நாட்களில் பசியும் அதிகமாக இருந்தது. பட்டினி கிடந்து, கொழுப்பை வைத்துக்கொண்டு தசையைத் தொலைப்பதைவிட மோசமான டயட் இல்லை.

தூக்கத்தைக் கெடுப்பதில் காஃபினுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளே போன காஃபினில் பாதி வெளியேற சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். சிலருக்கு மூன்று மணி, சிலருக்கு ஏழு. கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் மெதுவாக வெளியேறும். மாலை ஆறு மணிக்கு 100 மில்லிகிராம் காஃபின் உள்ள காபியைக் குடித்தால், இரவு பதினொன்றுக்கு 50 மில்லிகிராம் உடம்பில் மிச்சம். ஒரு கிளாஸ் டீயைக் குடித்துவிட்டுப் படுத்ததற்குச் சமம். "நான் காபி குடித்தவுடனே தூங்கிவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தூங்கிவிடுவது உண்மையாக இருக்கலாம். ஆழ்ந்த உறக்கத்தின் அளவு குறைவது அவர்களுக்குத் தெரியாது. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. 400 என்பது பெரிய அளவுதான், நம் டம்ளரில் நான்கு. அதில் கால்வாசி குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது.

அதனால் கடைசிக் காபி மூன்று, நான்கு மணிக்குள் முடிந்துவிடட்டும். ஆறு மணிக்குக் கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்பவர்களுக்குச் சுக்குக் காபி இருக்கிறது. பெயரில்தான் காபி. சுக்கு, மல்லி, மிளகு போட்டதில் காஃபின் கிடையாது. கடையில் குடித்தால் காபித்தூள் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், சில இடங்களில் ஒரு சிட்டிகை போடுவார்கள். கருப்பட்டியையும் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்ல வேண்டும்.

சாப்பிட்டதும் ஒரு காபி

டிபன் முடிந்ததும் காபி என்பது நம் ஊரில் சட்டம். இட்லித் தட்டைக் கழுவப் போடும்போதே டபரா வந்துவிட வேண்டும். டயட்டில் இருக்கும் பெண்கள் இந்த ஒரு பழக்கத்தைத்தான் மாற்றியே ஆக வேண்டும் என்பேன்.

காபியிலும் டீயிலும் உள்ள டானின் போன்ற பாலிஃபீனால்கள், உணவில் இருக்கும் இரும்புச்சத்தைக் குடலிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. குறிப்பாகக் கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றின் இரும்பை. 1983-இல் அமெரிக்காவில் ஓர் உணவோடு ஒரு கப் காபி கொடுத்து அளந்து பார்த்தார்கள். உடம்பு இரும்பை உறிஞ்சுவது 39 சதவீதம் குறைந்தது. டீ கொடுத்தபோது 64 சதவீதம். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு காபி குடித்தால் பாதிப்பே இல்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ, உணவோடு குடித்த அதே பாதிப்பு. ஆகவே முன்னால் குடிப்பது மேல், பின்னால் என்றால் இடைவெளி ஒரு மணிக்கும் மேலே இருக்க வேண்டும். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலிலும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்றே சொல்கிறார்கள்.

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. சாதாரணமாகச் சாப்பிடும்போதே இந்த நிலை. டயட் என்று சாப்பாட்டின் அளவைக் குறைத்தால் இரும்பும் சேர்ந்தே குறைகிறது. குறைந்ததிலும் ஒரு பங்கைக் காபி பிடுங்கிக்கொண்டால் படியேறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், நடைப்பயிற்சிக்குப் போகத் தெம்பு இருக்காது. பழி டயட்டின் மேல் விழும். காலையில் எழுந்ததும் காபி, ஒரு மணி நேரம் கழித்து டிபன் என்று மாற்றிக்கொண்டால் ருசிக்கும் பங்கமில்லை. கீரை, பருப்பு சாப்பிடுகிற வேளையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது மாத்திரையை வீணாக்குவது.

எவ்வளவு வரை?

அதே ஹைதராபாத் நிறுவனத்தின் கணக்கில் 150 மில்லி ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65. டீயில் 30 முதல் 65. நாளொன்றுக்கு மொத்தம் 300 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை அனுமதிக்கிறது, கர்ப்பிணிகளுக்கு 200. நம் பழக்கத்தில் இரண்டு காபியும் ஒரு டீயும் குடித்தால் பெரியவர்களுக்கான வரம்பைப் பெரும்பாலும் மீறாது. கர்ப்பமாக இருப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தச் சமயத்தில் இளைப்பதற்கான டயட்டும் வேண்டாம்.

தூள் வாங்கும்போதே காஃபினைக் குறைக்க வழி இருக்கிறது. ரோபஸ்டா வகைக் காபிக்கொட்டையில் காஃபின், அரபிகா வகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அரைத்துக் கொடுக்கிற கடையில் பிளாண்டேஷன் ஏ என்று கேட்டால் அது அரபிகா. சிக்கரியில் காஃபின் அறவே கிடையாது. ஆகவே 60:40 கலவையில் சுத்தக் காபித்தூளைவிடக் காஃபின் குறைவு. சிக்கரியை 49 சதவீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி, பாக்கெட்டின் மேல் விகிதத்தை அச்சிட்டிருப்பார்கள். சிக்கரி என்றாலே கலப்படம் என்று முகம் சுளிக்கும் காபி ரசிகர்கள் மன்னிக்கவும், தூக்கம் வராதவர்களுக்கு அது ஒரு கைகண்ட உபாயம்.

சிலர் மட்டும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில். எடை கூடியதால் டயட்டுக்கு வந்தவர்களில் இவர்கள் நிறைய. லீவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாத்திரையை விழுங்கிய சூட்டோடு காபி குடித்தால் மருந்து சரியாகச் சேராது. தைராய்டு கட்டுக்குள் வராது, எடையும் இறங்காது. இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுக்கிற நீரிழிவுக்காரர்கள், காலை உணவைத் தவிர்த்து வெறும் காபியில் ஓட்டக்கூடாது. சர்க்கரை தாழ்ந்தால் வரும் படபடப்பும் கைநடுக்கமும் காஃபின் மிகுந்தாலும் வரும். எது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது ஆபத்து. நெஞ்செரிச்சல், அல்சர் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றில் கறுப்புக் காபி ஆகாது.

16 மணி நேரம் விரதம், 8 மணி நேரத்துக்குள் சாப்பாடு என்ற முறையில் இருப்பவர்கள், விரத நேரத்தில் சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியோ கறுப்புத் தேநீரோ குடிக்கலாம். பால் காபி விரதத்தை முறித்துவிடும். ஏகாதசிக்குப் பால் காபி சேர்த்தி என்ற நம் வழக்கம் இங்கே செல்லாது.

கடையிலும் ஆபீசிலும்

வீட்டில் ஸ்பூன் நம் கையில் இருக்கிறது. டீக்கடையில் மாஸ்டர் கையில். "சர்க்கரை கம்மி" என்றால் அவருக்கு அது ஒன்றரை ஸ்பூன். "சர்க்கரை இல்லாம" என்று கேட்டு, வேண்டுமானால் அரை ஸ்பூன் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஒன்றுதான் வழி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 'தே ஓ கொசோங்' என்று சொன்னால் பாலும் சர்க்கரையும் இல்லாத டீ வந்துவிடும். சும்மா 'தே' என்றால் டின் பால் ஊற்றியது, இனிப்பு அதிலேயே உண்டு. ஓட்டலில் காபி வேண்டும், முழு டம்ளர் வேண்டாம் என்றால் 'ஒன் பை டூ' இருக்கவே இருக்கிறது. துணைக்கு ஆள் இருந்தால் 115 கலோரி பாதியாகும்.

டீயைவிட டீக்கு முன்னால் இருக்கிற கண்ணாடிப் பெட்டி பொல்லாதது. ஒரு மெதுவடை சுலபமாக 100 கலோரியைத் தாண்டும், பஜ்ஜியும் அப்படியே. மேரி பிஸ்கட்தானே என்று நான்கைத் தொட்டுத் தின்றால் அதுவும் வடைக் கணக்குக்கு வந்துவிடும்.

ஆபீஸ் மிஷினில் வரும் டீயைப் பற்றித்தான் அநேகருக்குத் தெரிவதில்லை. அதில் ஊற்றுவது பால் அல்ல, பிரீமிக்ஸ் பொடி. அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் சர்க்கரை முதலாவதாகவோ இரண்டாவதாகவோ இருக்கும், தேயிலைச் சாரம் எங்கோ கடைசியில். குறைக்கச் சொல்ல அங்கே மாஸ்டரும் இல்லை. வெந்நீருக்கு மிஷினில் தனிப் பொத்தான் இருந்தால், மேஜை டிராயரில் டீ பேக் நாலைந்து வைத்துக்கொள்வது உத்தமம். பிரீமிக்ஸ்தான் கதி என்றால் நாளைக்கு ஒன்று குடிக்கலாம், மதியம் மூன்று மணிக்குள்.